நஸ்ரா பிடித்த கை

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை நான் தேடிப் போகவில்லை. ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒரு தாய் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஓமானின் மலைகளுக்குள், வாதி ஸிதர் என்ற ஆற்றுப் பிளவின் வாயில் இருக்கும் ஊர் இது. இங்குள்ள சுகாதார நிலையத்தில் நான் செவிலி. கறுத்த முடியோடு வந்தேன், நரைத்துவிட்டது. ரய்யா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், நீ உங்க ஊருப் பத்திரிகையில கதை எழுதுறியாமே. டீக்கடை மம்மது சொன்னான்."

"எப்பவாச்சும் எழுதுவேன், உம்மு ஹுமைத்."

(மூத்த மகன் பெயரைச் சேர்த்துத் தாயை அழைப்பது இங்கே வழக்கம். இளைய மகன் பெயரால் யாரும் அவளை அழைத்ததில்லை. இப்போது அழைக்கவும் முடியாது.)

"எதைப் பத்தி எழுதுவ?"

"மனுஷங்களைப் பத்தித்தான்."

"அப்ப என் மர்ஹூன் மனுஷன் இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொல்லி முடித்தாள். "எழுது. வெள்ளத்துல மாட்டுன எவனோ ஒருத்தனைக் காப்பாத்தப் போயி என் பிள்ளை உசுரை விட்டான்னு எழுது. கூடப் போனாளே அந்தச் சூர்க்காரி, அவ ஊரான் பிள்ளையைக் கரையேத்திட்டு என் பிள்ளையை விட்டுட்டு வந்தா. அதையும் எழுது. பேரோட எழுது."

சூர் என்பது கடற்கரை ஊர். சூர்க்காரி, ரய்யாவின் மூத்த மருமகள் நஸ்ரா. அவள் இதற்கு முன்பே இதே நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் வேறொன்று சொல்லியிருந்தாள்: "எழுதிடாதீங்க சிஸ்டர்."

ஒருத்தி எழுது என்கிறாள், ஒருத்தி எழுதாதே என்கிறாள். நான் கண்டுபிடித்த வழி, தமிழில் எழுதுவது. இந்தப் பள்ளத்தாக்கில் தமிழ் வாசிக்கிறவர் எவரும் இல்லை. மம்மதுக்கு மலையாளம்தான் தெரியும், அதிலும் பந்தயச் செய்தி மட்டும்தான் வாசிப்பான். இதை நேர்மை என்று நீங்கள் நினைக்க வேண்டாம். இது ஒளிந்துகொள்ளும் இடம்.

அவர்கள் பேசியது மலை அரபு. என் கைக்கு வருவது தூத்துக்குடிப் பேச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே, மரகதம் கரைந்தது போல ஒரு மடு…"

அடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் நகரத்திலிருந்து வருகிறவர்கள் தங்கள் படங்களுக்குக் கீழே போடுகிற வாக்கியம் இது. ஊர்க்காரர்கள் அந்த மடுவை எதனோடும் ஒப்பிட்டு நான் கேட்டதில்லை. அது தண்ணீர். அதில் குளிப்பார்கள், ஆட்டுக்குக் காட்டுவார்கள், மீதி வாய்க்காலில் பேரீச்சந் தோப்புக்குப் போகும்.

இரண்டாவது தொடக்கம்: "அன்று மலையுச்சியில் உள்ளங்கை அளவு ஒரு மேகம்…"

இதுவும் வேண்டாம். யாரோ சாகப்போகிறார் என்று மேகத்தை வைத்து உங்களை மிரட்டுகிறேன். யார் என்பதுதான் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே.

மூன்றாவது தொடக்கம், மர்ஹூனின் வாயிலிருந்து. இதை ஹுமைத் எனக்குச் சொன்னான். ஹுமைத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், நஸ்ராவின் கணவன், மர்ஹூனின் அண்ணன். வாழ்நாளெல்லாம் தண்ணீர் சுமந்தும் அவனுக்கு நீச்சல் தெரியாது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து மூவரும் மடுவுக்குப் போயிருக்கிறார்கள். ரய்யா முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பாறை நிழலில் ஹுமைத் கறியும் சோறும் ஆக்கினான். வெளியூர்க் கூட்டம் கீழ் மடுவில் இருந்ததால் நஸ்ரா மேல் வளைவுக்குப் போய், உடுத்திய உடுப்போடு நீந்திவிட்டு வந்தாள். அவளுடைய அப்பா சூரில் மீன்பிடிப் படகு வைத்திருந்தவர். நடக்கும் முன் நீந்தியவள் என்று அவளைச் சொல்வார்கள்.

"அண்ணி, இது உங்க கடல் இல்ல," என்றான் மர்ஹூன், உயரமான பாறைமேல் நின்றபடி. "அங்க உப்பு உங்களைத் தூக்கிப் பிடிச்சுக்கும். இங்க நீங்கதான் உங்களைத் தூக்கணும்."

"உங்க மடுவை எங்க ஊர்ல கால் கழுவ வச்சிருப்பாங்க."

"அண்ணே, கேட்டியா? என் மடுவைக் கால் கழுவுற தொட்டிங்கிறாங்க. அடக்கி வைக்க மாட்டியா?"

"ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியும், அடிச்சுக்கங்க," என்றான் ஹுமைத். "எனக்கு அடுப்புதான் தெரியும். சோறு ஆறுது, வாங்க."

மர்ஹூன் பாறையிலிருந்து குதித்தான். வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். அவன் எழுந்து தலையை உதறிவிட்டு அவர்களுக்குச் சலாம் வைத்தான். அவன் எப்போதும் அப்படித்தான். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் உயரமான பாறைக்கு ஏறுவான்.

[இந்தத் தொடக்கம் இருக்கட்டும். இதில் அவன் சிரிக்கிறான்.]

3

நான் மடுவில் இல்லை. வெள்ளிக்கிழமை எனக்குப் பணி. எனவே இந்தப் பகுதி மூன்று பேர் சொன்னதைச் சேர்த்துத் தைத்தது. தையல் தெரியும்.

மடுவின் தலைமாட்டில் மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஓர் ஆள் நீந்திப் போகிற அளவுக்கே இடுக்கு. தலையை உயர்த்தினால் பாறையில் இடிக்கும். உள்ளே போனால் அறை போல ஒரு சிறு மடு, மேலே ஒரு துண்டு வானம். வருகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்ப் படம் எடுக்கத்தான் வருகிறார்கள். அன்று அய்மன் என்ற இளைஞன் தனியாக உள்ளே போயிருந்தான். சுஹார் துறைமுகத்தில் பொறியாளர். முதல் தடவை வந்தவன்.

இங்கே வெயில் காயும். மழை எங்கோ மலைமேல் பெய்யும். வெள்ளம் மட்டும் வந்து சேரும்; அந்த வெள்ளத்துக்கும் இங்கே வாதி என்றே பெயர். தோப்பிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "வாதி வருது! மேல ஏறுங்க! வாதி வருது!"

கூட்டம் பாறைகளில் ஏறியது. ஹுமைத் நஸ்ராவை முன்னே தள்ளி ஏற்றினான். மர்ஹூன் மட்டும் கரையில் நின்றான்.

"செருப்பு கிடக்கு," என்றான். "அண்ணே, ஒரு ஜோடி செருப்பு கிடக்கு. உள்ள ஆள் இருக்கான்."

"ஏறுடா!"

"தோ, போயிட்டு வந்துர்றேன்."

குதித்தான். இடுக்குக்குள் போனான். அவன் போனபோது தண்ணீர் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது என்று ஹுமைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஏதோ அது பச்சையாக இருந்ததில் தன் தம்பிக்கு ஒரு நியாயம் இருப்பதைப் போல.

பிறகு முதல் வெள்ளம் வந்தது. கல்லும் கிளையும் செத்த ஆடும் சுமந்த செம்பழுப்புச் சேறு. இடுக்கின் வாய் பாதி மூடிக்கொண்டது. நஸ்ரா பாறையிலிருந்து இறங்கினாள். ஹுமைத் கூப்பிட்டான், அவள் திரும்பவில்லை. பாறையோடு ஒட்டி, வேர்களைப் பிடித்துப் பிடித்து, இடுக்கின் வாய்வரை போனாள். ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு மறு கையை உள்ளே நீட்டினாள்.

ஒரு கை வந்தது. இழுத்தாள்.

மேலே ஏற்றி, முகத்துச் சேற்றை வழித்துப் பார்த்தால் அது அய்மன்.

அவள் மறுபடி இறங்கத் திரும்பினாள். அப்போதுதான் இரண்டாவது வெள்ளம் வந்து இடுக்கை முழுதாக மூடியது.

மர்ஹூன் மறுநாள் கீழே தோப்பில் கிடைத்தான், இரண்டு பேரீச்ச மரங்களுக்கு நடுவில். அவனை நான்தான்… [இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.]

4

ஒரு கதாபாத்திரத்தைச் சந்தேகிப்பது எழுதுகிறவர் வேலை. நஸ்ராவைச் சந்தேகித்தேன்.

ஊர் அதற்கு முன்பே சந்தேகித்திருந்தது. துக்க வீட்டில் மூன்று நாளும் பெண்கள் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். காப்பிக் கிண்ணம் சுற்றிவந்தது. நஸ்ரா கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கழுவிய கிண்ணத்தை ரய்யா வாங்கவில்லை.

"கடல்ல வளந்தவளாம்," என்றாள் ரய்யா, எல்லோர் காதும் கேட்க. "மீனைக்கூட ஆணா பொண்ணான்னு தடவிச் சொல்லுவாங்களாம் சூர்ல. இவளுக்குக் கொழுந்தன் கை எது, ஊரான் கை எதுன்னு தெரியலையாம்."

"சேறு, உம்மு ஹுமைத். கண்ணு தெரியாது," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வாய் இருந்துச்சுல்ல? பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்ல? வாயைத் திறந்து ஒரு தடவை 'மர்ஹூன்'னு கூப்பிட்டிருந்தா எம்பிள்ளை வந்திருப்பான். கூப்பிடலையே இவ!"

நஸ்ரா கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த கிண்ணத்தை எடுத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கிறவள் முகம் இல்லை அது. கோபப்படுகிறவள் முகமும் இல்லை. கனமான ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறவள் முகம்.

(இந்த ஒப்புமையும் அழகாக வந்துவிட்டது. அழகாக வருவதையெல்லாம் இந்தக் கதையில் எனக்குப் பிடிக்கவில்லை.)

மர்ஹூனையும் சந்தேகித்தேன். தாய் கேட்பது ஒரு தியாகியை. நான் அறிந்தவன் சோம்பேறி, வாயாடி, வெளியூர்ப் பெண்கள் பார்த்தால் நெஞ்சை நிமிர்த்துகிறவன். மூன்று முறை அவன் மண்டைக்குத் தையல் போட்டிருக்கிறேன், மூன்றும் அதே பாறை. அவன் குதித்தது கருணையாலா, கைதட்டலுக்காகவா? ஆனால் அன்று கூட்டமெல்லாம் மேலே ஏறி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணனைத் தவிர அவனைப் பார்க்க யாரும் இல்லை. யாரும் பார்க்காதபோதும் குதித்தான். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த உயர்ந்த விஷயம் இதுதான். ரய்யாவிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு இது போதவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். நஸ்ராவின் உள்ளங்கை பாறையில் கிழிந்திருந்தது. கட்டுப்போட வந்தவளின் சட்டைக் கையைத் தூக்கியபோது, மேற்கையில் ஐந்து நீல அடையாளங்கள். வெள்ளம் விரல் வைத்துப் பிடிக்காது.

"இது யார்?"

"ஹுமைத்," என்றாள். "திரும்ப இறங்கப் போனேன். அவர் பிடிச்சுக்கிட்டார். உதறினேன், விடல. விட்டிருந்தா நானும் போயிருப்பேன்."

"இதை அவன் அவங்கம்மாகிட்ட சொன்னானா?"

"அவர் எப்படிச் சொல்லுவார் சிஸ்டர்? தம்பியை எடுக்கப் போன கையை நான்தான் பிடிச்சு நிறுத்துனேன்னா?"

5

இங்கே கதை திரும்புகிறது.

துக்கத்துக்குப் பிறகு, பேரீச்சை பழுக்கும் சமயம், அய்மன் வந்தான். ரய்யா வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் நேரே சுகாதார நிலையத்துக்கு வந்தான். கையில் பெரிய ஹல்வாப் பெட்டி. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். அவன் வந்த வேளை, நஸ்ரா என் அறையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஏற்பாடு செய்யவில்லை. கதைக்காரர்கள் செய்கிற ஏற்பாடு போல இருக்கிறதே என்று நீங்கள் நினைத்தால் எனக்கு மறுப்பு இல்லை. ஊரில் இருப்பது ஒரே சுகாதார நிலையம், அவ்வளவுதான்.

அவளைப் பார்த்ததும் அவன் எழுந்தான். பெட்டி கீழே விழுந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான். "சொல்லாம என்னால தூங்க முடியல."

"சொல்லுங்க."

"நீங்க இடுக்குல நின்னு கூப்பிட்டீங்க. 'மர்ஹூன், கையைக் குடு'ன்னு கூப்பிட்டீங்க."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவள் கூப்பிட்டிருக்கிறாள்.

"அவர்தான் என்னைப் பிடிச்சு இடுக்குவரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தார். எனக்குப் பின்னால இருந்தார். நீங்க கூப்பிட்டப்ப அவர் பதில் சொன்னார், 'இங்க இருக்கேன்'னு. என் காதுக்குப் பக்கத்துல சொன்னார். அது என் பேர் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் கையை நீட்டிட்டேன். அவர் கை நீண்டிருந்துச்சு, அதுக்கு மேல என் கையை நீட்டினேன்."

அவன் அழுதான். நஸ்ரா அழவில்லை.

"தெரியும்," என்றாள்.

"எது தெரியும்?"

"அவன் குரல் எனக்குத் தெரியாதா? கேட்டுச்சு. கேட்டுத்தான் இழுத்தேன், அவன்தான்னு நெனச்சு. ஏத்துனதும் நீங்க."

"நான் அவங்கம்மாகிட்ட போய்ச் சொல்லிர்றேன். உங்க மேல தப்பில்லன்னு சொல்லிர்றேன். என்னை என்ன வேணாலும் செய்யட்டும். ஊர்ல உங்களைப் பேசுறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"சொன்னா உங்க மனசு லேசாயிரும்," என்றாள் நஸ்ரா. "அந்தம்மாவுக்கு?"

அவன் புரியாமல் பார்த்தான்.

"அவங்க இப்ப என்ன நெனச்சுக்கிட்டிருக்காங்க? நான் கூப்பிடல, கூப்பிட்டிருந்தா பிள்ளை வந்திருப்பான், எனக்கு அக்கறை இல்லன்னு. அதனால என்னைத் திட்டுறாங்க. காலையில எந்திரிச்சதும் திட்டுறாங்க, திட்டிட்டுச் சாப்பிடுறாங்க. நீங்க போயி, 'உங்க பிள்ளை உசுரோட இருந்தான், கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்னான், கையை நீட்டினான், நான் முந்திக்கிட்டேன்'னு சொல்லுங்க. அப்புறம் அவங்க எதைச் சாப்பிடுவாங்க?"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"ஊருக்குப் போங்க. வேலைக்குப் போங்க. கல்யாணம் பண்ணுங்க. அது உங்களுக்குக் கஷ்டமா இருந்தா இருக்கட்டும். நானா சுமக்கச் சொன்னேன்?"

அவன் போன பிறகு அவள் என்னிடம் திரும்பினாள். அப்போதுதான் சொன்னாள், எழுதிடாதீங்க, அந்தம்மாகிட்ட சொல்லிடவும் வேண்டாம் என்று. சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஹல்வாப் பெட்டி தரையில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் துப்புரவு செய்ய வந்தவர் எடுத்துப் போனார்.

6

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

அ) ரய்யாவுக்கு உண்மை தெரிகிறது. அவள் நஸ்ராவைத் தேடி வருகிறாள். இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வெளியே மழை… [மழையை எழுதும்போதே கிழித்தேன்.]

ஆ) ஹுமைத் ஒருநாள் தாய் முன்னால் தன் விரல்களை விரித்துக் காட்டி, "இந்தக் கைதான் உம்மா" என்கிறான். இதை நான் வெகுநாள் எதிர்பார்த்தேன். கதையில் அல்ல, நிஜத்திலேயே. அவன் லாரியை ஓட்டிக்கொண்டே இருந்தான்.

நடந்தது வேறு. குளிர் தொடங்கியபோது ஹுமைத் நஸ்ராவைத் தன் வண்டியில் சூருக்குக் கூட்டிப் போனான். "கொஞ்ச நாள் அப்பா வீட்ல இரு. உம்மா கொஞ்சம் ஆறட்டும்" என்றானாம். புறப்படும் முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். வெளியே வண்டியின் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான் அவன்.

"திரும்பக் கூப்பிடுவாரு," என்றேன்.

"மாட்டார் சிஸ்டர். என்னைப் பார்க்கிறப்பெல்லாம் அவர் கையை அவர் பார்த்துக்கிறார். அந்தக் கையால என்னைக் காப்பாத்தினார்ல, அதுதான் அவருக்குப் பொறுக்கல."

கூப்பிடவில்லை. விவாகரத்துச் செய்தி யாரோ ஒரு மாமா வழியாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கோடையில் ரய்யா மலைமேல் உள்ள ஊர்ப் பெண் ஒருத்தியை மூத்த மகனுக்குக் கட்டிவைத்தாள். அந்தப் பெண்ணுக்கு நீந்தத் தெரியாது என்பதைப் பெண் பார்க்கப் போன இடத்திலேயே கேட்டு உறுதி செய்துகொண்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

நஸ்ரா சூரில் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருகிறாள் என்று முடிக்க ஆசையாக இருந்தது. விசாரித்தேன். இல்லை. அப்பா வீட்டில் தம்பிப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிக்கொண்டிருக்கிறாள். கடல் பக்கம் போவதில்லையாம்.

மடுவில் கூட்டம் குறையவில்லை. எச்சரிக்கைப் பலகை ஒன்று வைத்தார்கள். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒருவன் இறந்தான் என்பதும் அந்த இடத்துக்கு ஒரு பெருமையாகச் சேர்ந்துவிட்டது. போன மாதம் ஒரு வெளியூர்ப் பெண் கால் சுளுக்கி என்னிடம் வந்தாள். "அந்த ஆள் செத்த இடுக்கு எதுங்க? நாங்க போனது சரியான இடுக்குதானா?" என்று கேட்டாள். நான் கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

7

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். கசப்பாக, ஓரளவு சுத்தமாக முடிந்திருக்கும். ஆனால் போன வாரம் ரய்யா வந்தாள்.

புது மருமகளுக்குப் பிறந்த ஆண் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கி வந்திருந்தாள். பெயர் மர்ஹூன். ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் குழந்தையின் தொடையைத் தடவியபடி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"சிஸ்டர், அந்த ஊரான் இங்க வந்தானாமே."

"எந்த ஊரான்?"

"எந்த ஊரானா? என் பிள்ளையைத் தின்னுட்டுப் பொழச்சவன். ஹல்வாப் பெட்டியோட வந்து உன் அறையில உக்காந்திருந்தானாம். சூர்க்காரியும் இருந்தாளாம். மம்மது இப்பத்தான் சொன்னான், இத்தனை நாள் கழிச்சு."

மருந்தை ஏற்றிவிட்டேன், ஊசி போடவில்லை. ஊசியைக் கீழேயும் வைக்கவில்லை.

"என் வீட்டுக்கு வரல. உன்கிட்ட வந்திருக்கான். எதுக்கு வந்தான்?"

"நன்றி சொல்ல…"

"பொய் சொல்லாத. உனக்கு அரபு நல்லா வரும், பொய் மட்டும் வராது."

பிறகு குரல் மாறியது. இத்தனை காலத்தில் அவளிடம் நான் கேட்டறியாத குரல். அதில் கோபமே இல்லை.

"அவன் உள்ள எம்பிள்ளை கூட இருந்தவன். எம்பிள்ளையைக் கடைசியாப் பார்த்தவன் அவன்தான். நான் வேற எதுவும் கேக்கல. யார் மேல தப்பு, எவ கையை விட்டா, அதெல்லாம் வேண்டாம். எம்பிள்ளை கடைசியா ஏதாச்சும் பேசினானா? ஒரு வார்த்தை? அதை மட்டும் சொல்லு. நான் தாங்குவேன்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறேன். அதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன். அது அன்று வரவில்லை.

நஸ்ராவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. ஆனால் அவள் எதைக் காப்பாற்றுவதற்காக அந்த வாக்கை வாங்கினாளோ, அந்தக் கோபம் இந்தக் கிழவியிடம் இப்போது இல்லை, போய்விட்டது. அது போன இடத்தில் எதை வைப்பது? மகனின் ஒரு வார்த்தையையா? அந்த வார்த்தையைக் கொடுத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு மற்றதும் வரும்: கேட்ட குரல், நீண்ட கை, அதன்மேல் நீண்ட இன்னொரு கை. கொடுக்காவிட்டால், மகன் பேசிய கடைசிப் பேச்சை வைத்துக்கொண்டு தாய்க்குத் தராதவள் ஆவேன். எந்த உரிமையில்?

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. கதை நயத்துக்காக மறைக்கிறேன் என்று எண்ணாதீர்கள். எழுதினால் நீங்கள் என்னை மெச்சுவீர்கள் அல்லது ஏசுவீர்கள், பிறகு பக்கத்தைப் புரட்டிவிட்டு எழுந்து போவீர்கள். அவ்வளவு சுலபமாக உங்களை விட எனக்கு மனமில்லை.

இந்த நாற்காலி என்னுடையது. கொஞ்ச நேரம் உட்காருங்கள். ரய்யா எதிரில் இருக்கிறாள், முகத்தை உங்கள் பக்கம் திருப்பிவிட்டாள். குழந்தை சிணுங்க ஆரம்பித்திருக்கிறது.

அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.